துபாயிலிருந்து வந்த நார்ச்சத்து டப்பாவை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

தம்பி கேட்டதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 61, வீடு களியக்காவிளைப் பக்கம், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை ஓடுகிறது, வெகு நாளாக மலச்சிக்கல். துபாயிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா மகன் ‘பிளான்ட் பேஸ்டு ப்ரீபயாடிக் ஃபைபர்’ என்று எழுதிய ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான், காலையும் மாலையும் ஒவ்வொரு ஸ்கூப் கலக்கிக் குடித்ததில் மூன்றாம் நாளே வயிறு ஊதிப்போய் அம்மா ராத்திரி சாப்பிடவே மாட்டேன் என்கிறார்கள். இது நல்லதா, தொடரலாமா, இதை விட நல்லதாக வேறு பிராண்டு உண்டா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் எடுத்த எடுப்பில் அளவு ரொம்ப அதிகம். அதோடு, அம்மாவின் மலச்சிக்கலுக்கு முதலில் கையில் எடுக்க வேண்டிய பொருளும் அது இல்லை. நான் மார்த்தாண்டத்தில் மருந்துக்கடையில் நிற்கிற பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. ஆனால் இந்த டப்பாக்களை விற்கிறவனும் நான்தான், அதைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களிடம் பேசுகிறவனும் நான்தான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் ‘சிக்கரி ரூட் இனுலின்’ என்று இருக்கும். காபித்தூளில் கலக்கிற அதே சிக்கரிச் செடியின் வேர்தான். (அப்படியானால் தினம் காபி குடித்தால் போதாதா என்று கடையில் ஒருத்தர் கேட்டார். வேரை வறுக்கும்போது இனுலினில் ஒரு பகுதி உடைந்து அந்தக் கருப்பும் கசப்புமாக மாறிவிடும், மிச்சம் இருப்பதும் ஒரு டம்ளர் காபியில் கணக்கில் வராது.) பச்சை வேரில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை இனுலின் உண்டு. இந்தச் சாமானை 1804-லேயே வாலன்டைன் ரோஸ் என்ற ஜெர்மானியர் வேறொரு செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார். நம்ம ஊர்ச் சின்ன உள்ளியிலும் (சின்ன வெங்காயம்) வெள்ளைப்பூண்டிலும்கூட இதே வகைதான் இருக்கிறது.

இனுலின் என்பது பழச்சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒன்று. அந்தச் சங்கிலியை அறுக்கிற என்ஸைம் நம் சிறுகுடலில் கிடையாது, அதனால் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்கள், முக்கியமாக பிஃபிடோ வகை, அதைத் தின்று புளிக்கவைக்கும். புளிப்பதில் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உள்சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள், இந்த ‘குடல் ஆரோக்கியம்’ பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கிறது. கூடவே ஹைட்ரஜன், கார்பன் டையாக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுவும் வரும். வாயு வராமல் புளிக்காது.

சக்கைக்குரு (பலாக்கொட்டை) கறி வைத்த அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே சங்கதிதான் அம்மா வயிற்றிலும் நடந்திருக்கிறது. வாயு வருகிற வேகத்தில்தான் வித்தியாசம் உண்டு. சங்கிலி குட்டையாக இருந்தால் பாக்டீரியா சட்டென்று தின்று தீர்த்துவிடும், கொஞ்ச நேரத்துக்குள் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். ‘எஃப்ஓஎஸ்’ என்று போட்டிருந்தால் அது குட்டைச் சங்கிலி. நீளச் சங்கிலி நிதானமாகப் புளிக்கும். எதுவானாலும் பழக்கமில்லாத குடலுக்கு முதல் நாளே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிராம் போய்ச் சேர்ந்தால் ஊதத்தான் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல், சிக்கரி இனுலின் ஒரு நாளைக்கு 12 கிராம் எடுத்தால் மலம் கழிக்கும் தடவை கூடும் என்று ஒப்புக்கொண்டது உண்மை. டப்பாக்காரர்கள் இரண்டு ஸ்கூப் என்று எழுதுவது அந்த அளவை எட்டத்தான். ஆனால் அந்த அளவுக்கு ஏறிப் போகவேண்டும், முதல் நாளே அங்கே குதிக்கக் கூடாது.

இனி ‘பிளான்ட் பேஸ்டு’ என்ற வார்த்தை. நார்ச்சத்து செடியிலிருந்து வராமல் பின்னே ஆட்டிலிருந்தா வரும்? பால் சர்க்கரையிலிருந்து செய்கிற ‘ஜிஓஎஸ்’ மாதிரி ஒன்றிரண்டை விட்டால் கடையில் இருக்கிற எல்லா நார்ப்பொடியும் செடிதான், பல வருஷமாக நாம் வாங்குகிற இசப்கோல் உட்பட. அந்த வார்த்தைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ‘ப்ரீபயாடிக்’ என்ற வார்த்தைக்குக் கொஞ்சம் பொருள் இருக்கிறது. கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்டு என்ற இருவர் 1995-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. நம் உடம்பில் குடியிருக்கிற நுண்ணுயிர்களில் குறிப்பிட்ட சிலது தெரிந்தெடுத்துத் தின்று, அதனால் நமக்கு நன்மை கிடைத்தால் அது ப்ரீபயாடிக் என்று 2017-ல் விளக்கத்தைத் திருத்தினார்கள். எல்லா நாரும் ப்ரீபயாடிக் இல்லை. சில நார் பாக்டீரியாவுக்குத் தீனி. சில நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கி, கனமாக்கித் தள்ளிவிடும், பாக்டீரியா அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிப் பேர் தப்பான டப்பாவை வாங்குகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது வேலை, வந்தது முதல் வேலைக்கான பொடி.

அந்த இரண்டாவது வேலைக்கு இசப்கோல் உமிதான் ராஜா. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிற செடி, விதையின் மேல்தோல். தண்ணீரில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் கொழகொழவென்று ஆகுமே, அந்தக் கூழ் பெருங்குடலிலும் பெரிதாகப் புளிக்காமல் கூழாகவே நிற்கும், அதனால் மலம் இறுகாமல் வரும். வாயுவும் இனுலினை விடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால் வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் இதே பொடிதான் தளர்ந்த மலத்தைக் கொஞ்சம் கட்டும். கெட்ட கொழுப்பைக் குறைத்து இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-லேயே லேபிளில் எழுத அனுமதி கொடுத்தது. விலையையும் பாருங்கள், அந்த வெளிநாட்டு டப்பாவின் காசுக்கு வீட்டில் மாதக்கணக்கில் ஓடும்.

எப்படி எடுப்பது என்பதில்தான் நம் ஆட்கள் சொதப்புவார்கள். ஒரு டீஸ்பூன் உமி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், கலக்கியதும் உடனே குடிக்கவேண்டும், அதன்மேல் இன்னொரு டம்ளர் தண்ணீர். கலக்கி வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனால் திரும்பி வரும்போது ஸ்பூனால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். உமியை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் சில பெரியவர்களுக்கு உண்டு, அது ஆபத்து, தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், குடலில் அடைப்பு வந்தவர்களுக்கும் இது கொடுக்கவே கூடாது. தண்ணீர் குடிக்காமல் இசப்கோல் மட்டும் எடுத்தால் மலச்சிக்கல் கூடும், குறையாது. கிட்னிக்கோ இதயத்துக்கோ வைத்தியம் பார்ப்பவர், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முக்கியமான விஷயம், தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போடுகிற தைராக்சினை நார்ப்பொடி பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இருக்கட்டும். அதனால் காலை ஸ்கூப்பை இன்றே நிறுத்துங்கள். இசப்கோலை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி.

இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் கேள்வியில் யாரும் கவனிக்காமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன். தைராய்டு குறைவாக இருந்தாலே மலச்சிக்கல் வரும். அம்மாவுக்குக் கடைசியாக டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தீர்கள்? அது சரியாக நிற்காமல் நார்ச்சத்தை மாற்றி மாற்றிக் கொட்டுவதில் பிரயோஜனம் இல்லை. வெகு நாள் சர்க்கரையும் குடல் நரம்புகளைப் பாதித்து அசைவை மந்தமாக்கும். மறுபக்கம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையே சிலருக்கு வாயுவும் வயிற்று உப்பசமும் உண்டாக்கும், அதன்மேல் இனுலின் போட்டால் எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பிரஷருக்கான சில மாத்திரைகள், டிராமடால் கலந்த வலி மாத்திரை, இதெல்லாம் மலத்தை இறுக்கும். மூட்டுவலிக்கு யாரோ எழுதிக் கொடுத்த கால்சியத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டு, மலச்சிக்கலுக்கு ஆயிரக்கணக்கில் பொடி வாங்குகிறவர்களை வாரத்துக்கு ஒருத்தராவது பார்க்கிறேன். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எல்லாச் சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இதில் எது மலத்தை இறுக்குகிறது என்று கேளுங்கள்.

சரி, பாக்டீரியாவுக்குத் தீனி என்ற பகுதிக்கு வருவோம், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டப்பாவில் இருப்பது ஒரே ஒரு வகை நார். குடலில் இருப்பது நூற்றுக்கணக்கான வகை உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் தீனி வேறு. அந்த விதத்தில் நம் கேரள எல்லைப் பக்கத்து அடுக்களை ரொம்பப் பணக்கார அடுக்களை, நாம்தான் அதை வேளைக்கு ஒரு பரோட்டாவாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

பயறும் கஞ்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சிறுபயறில் 100 கிராமுக்கு 15 கிராமுக்கு மேல் நார், கொண்டைக்கடலையில் 25 வரை போகும். காணம் (கொள்ளு), பெரும்பயறு (தட்டைப்பயறு) எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு, அவையும் இனுலின் மாதிரியே செரிக்காமல் கீழே போய்ப் பாக்டீரியாவுக்கு விருந்தாகும். வாயு தாங்கவில்லை என்றால் ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், அதில் கொஞ்சம் போய்விடும்.

அப்புறம் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய். பச்சைக் காயில் இருக்கிற மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காத வகை, பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடும். டாக்காவில் இருக்கிற வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்தில், நாள்பட்ட வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காய் கலந்த உணவு கொடுத்துப் பார்த்து, சீக்கிரம் குணமானதை 2001-ல் வெளியிட்டார்கள். குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடியில் குறுக்கு காய்ச்சிக் கொடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. சிப்ஸ் கணக்கில் சேராது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காயை வறுவலுக்கு எடுத்துவிட்டுத் தொலியைக் குப்பையில் போடுகிறோம், அந்தத் தொலியைப் பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கறையை எடுத்து, வெந்த பெரும்பயறோடு தேங்காய், சின்ன உள்ளி, காந்தாரி மிளகாய் கொரகொரப்பாக அரைத்துப் போட்டுத் துவரன் (பொரியல்) வைத்தால், ஒரே கறியில் மூன்று நான்கு வகை நார் வந்துவிடும். இதை ஒரு டப்பாவில் அடைத்து விற்க யாராலும் முடியாது.

பழஞ்சியும் (பழைய சோறு) அப்படித்தான். சோறு வெந்து ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு திரும்ப இறுகிச் செரிக்காத வகையாகிறது. எல்லாச் சோறும் அப்படி ஆகிவிடாது, ஒரு சிறு பங்குதான். அதனால் சர்க்கரை உள்ள அம்மா, பழஞ்சி என்ற பெயரில் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) நம்பாதீர்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா வற்புறுத்திப் பரப்பிய கிழங்கு, பஞ்சகாலத்தில் நம் தாத்தா பாட்டிகளின் உயிரைக் காப்பாற்றியது, மீன் கறியோடு தின்றால் சொர்க்கம், எல்லாம் சரி. ஆனால் நார் என்று பார்த்தால் 100 கிராமில் 2 கிராம்கூடத் தேறாது, தண்ணீர் போக மீதி பெரும்பாலும் மாவு. சக்கைப் பொடி (பலாக்காய் மாவு) பற்றியும் கேட்பீர்கள், கேரளப் பக்கத்துக் கடைகளில் இப்போது அதுதான் பேச்சு. பச்சைச் சக்கை மாவைத் தினம் 30 கிராம், அரிசி அல்லது கோதுமைக்குப் பதிலாக 12 வாரம் கொடுத்து ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 பேரிடம் செய்த ஆய்வு 2021-ல் வந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது சர்க்கரைக்கான ஆய்வு, மலச்சிக்கலுக்கானது இல்லை. சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்கள் அளவைப் பார்த்துக்கொண்டே சேர்க்கவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வயசானவர், பல் இல்லை, பயறு ஒத்துக்கொள்ளவில்லை, பொடிதான் சௌகரியம் என்கிற வீடுகள் உண்டு. ப்ரீபயாடிக் பொடியே வேண்டும், வாயுவும் வரக்கூடாது என்றால் நான் எடுத்துக் கொடுப்பது ‘பிஹெச்ஜிஜி’ என்று போட்ட வகை. கொத்தவரை விதையின் பிசினை என்ஸைமால் துண்டாக்கியது. தண்ணீரில் ருசியில்லாமல் கரையும், கூழாகாது, இனுலினை விட மெதுவாகப் புளிப்பதால் வயிறு அவ்வளவாக ஊதாது. கொத்தவரங்காய்த் துவரன் சாப்பிட்டால் இது கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்தப் பிசின் முற்றிய விதையில்தான் சேர்கிறது, நாம் சாப்பிடுவது பிஞ்சு.

எந்த டப்பா என்றாலும் லேபிளில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் நார் எத்தனை கிராம். இனிப்புக்கு சார்பிடால், மால்டிடால், சைலிடால் என்று ஏதாவது சேர்த்திருக்கிறார்களா, இருந்தால் வயிறு ஊதியதில் அதற்கும் பங்கு உண்டு. ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ என்று இருக்கிறதா. ‘ரெசிஸ்டன்ட்’ என்ற சொல் முன்னால் இல்லாத மால்டோடெக்ஸ்ட்ரின் வெறும் மாவுதான், சர்க்கரையைச் சர்ரென்று ஏற்றும். இங்கே விற்பதில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கவேண்டும். கம்மி மிட்டாய் வடிவத்தில் வருவதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், ஒன்றில் இருக்கிற நாருக்கு ஒரு கொய்யாக்காயே மேல்.

அந்தச் சிக்கரிப் பொடியைக் காசு கொடுத்து வாங்கியது வீணாகிவிடுமே என்று தோன்றினால், இப்படிச் செய்யலாம். ஒரு வாரம் முழுக்க நிறுத்துங்கள், வயிறு அடங்கட்டும். அந்த வாரத்தில் ராத்திரி இசப்கோல் மட்டும். மலம் இளகி வர ஆரம்பித்த பிறகு, மதியச் சாப்பாட்டோடு இனுலினை அரை டீஸ்பூனில் தொடங்கி, வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் கூட்டுங்கள், ஊதினால் முந்தின அளவுக்கு இறங்கிவிடுங்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இனுலினைத் தனியாகவும் இசப்கோலோடு சேர்த்தும் கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், சேர்த்துக் கொடுத்தபோது பெருங்குடலில் வாயு குறைவாக இருந்தது, அது 2022-ல் வந்தது. ஆனால் அரை டீஸ்பூனுக்கே வயிறு வலித்து ஊதுகிறது, உள்ளியும் பூண்டும் கூடினாலும் அதே பாடு என்றால், அம்மாவுக்கும் அந்த நோய் இருக்கலாம். அவர்களுக்கு இனுலின் ஆகாது, யாராவது தைராய்டு இல்லாத, வயிறு தாங்குகிற ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் மலச்சிக்கல் மட்டும் இருந்தால். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, மலம் போகிற விதம் சமீபத்தில் திடீரென்று மாறியது, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் பொடிப் பேச்சை விட்டுவிட்டு நேராக வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பி வாந்தியும் வருகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அம்மா என்னென்ன மாத்திரை எடுக்கிறார்கள் என்று நீங்கள் பெயர் எழுதவில்லை. டிஎஸ்ஹெச் ரிசல்ட்டும் மாத்திரைப் பெயர்களும், எந்த நேரத்துக்கு எது போடுகிறார்கள் என்பதும் எழுதுங்கள், இசப்கோலை எங்கே நுழைக்கலாம் என்று நேரம் போட்டுத் தருகிறேன்.